நான் சும்மா இருந்ததைச் சம்மதம் என்றார்கள்

இன்னும் பிறக்காத என் மகனுக்கு,

நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். எனக்கு இப்போது பதினோராம் வகுப்பு நடக்கிறது. உன் அத்தா யார் என்று எனக்குத் தெரியாது. போன வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. இன்று சாயங்காலத்திலிருந்து அவர்களுக்கும் சரியாகத் தெரியவில்லை. அடுத்த அறையில் என் அத்தா என் அம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. விளக்குத் திரியை இறக்கி வைத்துக்கொண்டு, எழுத்து வரிக்கு வெளியே போகிறதா என்றுகூடப் பார்க்காமல் எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் நிறுத்திவிடுவேன்.

மகளுக்கு எழுதாமல் ஏன் மகனுக்கு எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். மகள் பிறந்தால் நான் சொல்ல வருவதை அவள் தானாகவே தெரிந்துகொள்வாள். உனக்குத்தான் யாராவது சொல்லித் தரவேண்டும். ஒருநாள் உனக்காக ஒரு வீட்டுக்குப் போய் ஒரு பெண்ணைப் பார்ப்பார்கள். அவளிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். அவள் குனிந்துகொண்டு சும்மா இருப்பாள். எல்லாரும் சிரித்துக்கொண்டு சர்க்கரைத் தட்டை எடுப்பார்கள். அந்த நேரத்தில் நீ இந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

என் அத்தாவுக்கு பேகம்பூர்ப் பக்கம் தோல் மண்டி இருக்கிறது. கெட்டவர் என்று நினைத்துவிடாதே. எங்கள் தெருவில் எட்டாவதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பெண் நான் ஒருத்திதான். அனுப்புகிறவர் அவர்தான். ஆனால் சினிமா என்றால் அவருக்கு ஆகாது. "கொட்டகைக்குப் போற வீட்ல பரக்கத்து தங்காது, அந்த வீடு செழிக்காது" என்பார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா ஒரு தடவை சின்னம்மாவோடு படத்துக்குப் போனது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கை நீட்டவில்லை. வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, அம்மாவையும் என்னையும் வத்தலக்குண்டில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நோன்பு தொடங்கிய பிறகுதான் நாங்கள் திரும்பி வந்தோம். அதுவரை அங்கே சோறு ஆக்கிப் போட்ட மாமி எங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அம்மா வாசலில் இறங்கியதும் அத்தா சொன்னது ஒரே வாக்கியம். "இன்னொரு தடவ தெரிஞ்சா அண்ணன் வீட்டுக்குப் போறவ அங்கனயே இருந்துக்க, வண்டி திரும்ப வராது." சொன்னால் செய்கிறவர்.

இவ்வளவுக்கும் பிறகு அம்மா படம் பார்ப்பதை விட்டாளா என்றால், விடவில்லை. வாணியம்பாடிச் சரக்கு ஏற்றுகிற நாட்களில் அத்தா வீடு திரும்ப வெகுநேரமாகும். அன்றைக்கெல்லாம் சின்னம்மாவுக்குக் காய்ச்சல் வரும். சின்னம்மா வீட்டுக்குப் பின்னால், குளக்கரைக்கு அந்தப் பக்கம் டூரிங் கொட்டகை. வெள்ளைத் துப்பட்டியை முகம் மறைய இழுத்துப் போர்த்திக்கொண்டு மூன்று பேரும் பெண்கள் பக்கம் போய் மணலில் உட்கார்ந்துவிடுவோம். எங்களைப் போலவே போர்த்திக்கொண்டு அங்கே ஒரு கூட்டமே இருக்கும். யார் மனைவி, யார் தங்கை என்று யாருக்கும் தெரியாது. அது போதும் எங்களுக்கு.

மகனே, படம் பார்ப்பதைவிட எனக்குப் பிடித்தது அதைப் பற்றிச் சண்டை போடுவது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் ஸ்டெல்லா. அவள் அப்பா வாத்தியார். பண்டிகைக்குப் பண்டிகை குடும்பத்தோடு டவுன் தியேட்டருக்குக் கூட்டிப்போவார். போன வருடம் ஒரு ஓடக்காரியைப் பற்றி ஒரு படம் வந்தது. கத்திச் சண்டை இல்லை, ராஜா இல்லை, பாட்டும் ரொம்பக் குறைவு. டவுனில் வந்த வேகத்தில் தூக்கிவிட்டார்கள். கடைசியில் ஒரு பணக்காரன் அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று கேட்பான். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுப்பாள். அவ்வளவுதான் படம். எங்கள் கொட்டகைக்கு வந்தபோது ஆண்கள் பக்கத்திலிருந்து மண்ணை அள்ளித் திரையில் வீசினார்கள்.

"துட்டு குடுத்துப் போயி ஓடம் விடுறதப் பாத்துட்டு வந்தீங்களாக்கும்" என்று வகுப்பே எங்களைக் கேலி செய்தது. ஸ்டெல்லா விடவில்லை. "நீங்க பாத்த ராஜா படத்துல அந்த ராணி மொத்தம் எத்தன வார்த்த பேசுனா, சொல்லுங்க பாப்போம்? 'பிரபு, பிரபு'ங்கறதத் தவிர?" என்றாள். அந்த ஓடக்காரி படம் நல்ல படம் என்று இந்த ஊரில் நினைத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன். ஊர் முழுக்கத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற ஒன்றை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும்போதும், யாரும் சீந்தாத ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும்போதும் நெஞ்சு படபடக்கும். ஆனால் சொல்லி முடித்த பிறகு, இது என் வாய், இது நான் நினைத்தது என்று ஒரு நிமிர்வு வரும். அந்த நிமிர்வு பழகிப்போனதால்தான் மாட்டிக்கொண்டேன்.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் எங்கள் கொட்டகைக்கு ஒரு மருமகள் படம் வந்தது. மதுரையில் ஓடு ஓடென்று ஓடிய படம். வீட்டு நகையைத் திருடிவிட்டாள் என்று மாமியார் மருமகள்மேல் பழி போடுவாள். எடுத்தது யார் என்று மருமகளுக்குத் தெரியும். குடும்ப மானத்துக்காக வாயே திறக்க மாட்டாள். அடி வாங்குவாள், மாட்டுக் கொட்டகையில் படுப்பாள், கடைசியில் சாகக் கிடக்கும்போதுதான் உண்மை வெளியே வரும். பெண்கள் பக்கம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். எங்கள் கொட்டகையில் ஒரு மிஷின்தான், அதனால் சுருளுக்குச் சுருள் விளக்கைப் போட்டு நிறுத்துவார்கள். அந்த இடைவேளைகளில்தான் பெண்கள் பேசிக்கொள்வார்கள். நான் பொறுக்கமாட்டாமல் சின்னம்மாவிடம் சொன்னேன்: "இவ வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்த பேசுனா நம்மெல்லாம் அப்பவே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருக்கலாம்."

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் நாக்கைச் சொடுக்கியது. "ச்ச். யாரும்மா அது? ஒரு பொண்ணு இம்புட்டுப் பொறுமையா இருக்கா, உனக்குக் கேலியா இருக்கா?" கொஞ்சம் கரகரத்த குரல்.

"பொறுமை இல்லைங்க அது, பயம்" என்றேன்.

"பயமில்ல, அடக்கம். குடும்பத்துக்காகச் செய்யுறா."

"எந்தக் குடும்பத்துக்கு? திருடுனவன் வயிறார சாப்ட்டுட்டு இருக்கான். அந்த மாமியாக்காரி தானா திருந்துற வரைக்கும் இவ ஏன் சாவணும்? வாயத் தொறந்து சொல்லிருந்தா அந்த மாமியாளும் பாவத்துலேர்ந்து தப்பிச்சிருப்பா."

பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பின்னாலிருந்தவருக்குக் கோபம். "நல்லாப் பேசுற. உனக்கு வாய்க்கப் போற மாமியா குடுத்து வச்சவதான்!" என்றார். இன்னும் சிரிப்பு. நானும் விடாமல், "அவுங்களுக்கு நான் படமெல்லாம் கதை சொல்லுவேன், கொட்டகைக்கு வர்ற செலவு மிச்சம்" என்றேன். விளக்கு அணைந்தது. அடுத்த சுருளில் அவர் விம்முவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் வெள்ளைத் துணிதான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். டவுனில் பிரியாணிக் கடை வைத்திருக்கிற குடும்பம். பையன் கடைக் கல்லாவில் உட்காருகிறார், பீடி சிகரெட் கிடையாது என்றார்கள். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் தெரியாது, நிறையும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பரீட்சை எழுதி முடிக்க வேண்டும், முடிந்தால் டீச்சர் டிரெயினிங் போகவேண்டும் என்பதுதான். அத்தா அதற்கும் வழி வைத்திருந்தார். "அவுங்க என்ன கேக்கறாங்களோ அதுக்கு உன் வாயால பதில் சொல்லு. படிக்கணும்னா படிக்கணும்னு சொல்லு. நான் வற்புறுத்தல" என்று காலையிலேயே சொல்லியிருந்தார். அவரிடம் இதைவிடப் பெரிதாக நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளறையில் பாயில் உட்கார்ந்தேன். அத்தாவும் மற்ற ஆண்களும் திரைக்கு அந்தப் பக்கம்.

பையனின் அம்மா வந்து எதிரே உட்கார்ந்தார். ஸலாம் சொன்னார். கரகரத்த குரல்.

இல்லை, எத்தனையோ பேருக்கு இப்படிக் குரல் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்து, "சீனி போதுமா பாருங்க" என்றாள். அவர் ஒரு வாய் குடித்தார். "ச்ச், கொஞ்சம் தூக்கலு" என்றார். அதே நாக்குச் சொடுக்கு. அம்மா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளும் தெரிந்துகொண்டுவிட்டாள்.

"உன் பேரென்னம்மா?" நான் பேசவில்லை. அம்மா சொன்னாள். "குர்ஆன் ஓதி முடிச்சாச்சா?" தலையை ஆட்டினேன். கொட்டகையில் அத்தனை பேருக்கு நடுவில் அவரை மடக்கிய குரல் என்னுடையது. ஒரு வார்த்தை பேசினால் போதும், தெரிந்துகொள்வார். அவர் ஆச்சரியத்தில் ஏதாவது சொல்லிவிட்டால் திரைக்கு அந்தப் பக்கம் அத்தா இருக்கிறார். வண்டி வாசலுக்கு வந்துவிடும். அப்போதுதான் அவர் அதைக் கேட்டார்: "பள்ளிக்கூடம் போனது போதும்னு இருக்கா, இல்ல இன்னும் படிக்கணுமா? இந்த வீட்ல கல்யாணம் பேச உனக்குச் சம்மதமா? உன் வாயால சொல்லு கண்ணு."

மகனே, என்னிடம் கேட்டார்கள். நான் பத்துத் தடவை சொல்லிப் பார்த்த பதிலை வாங்கிக்கொள்ள ஒருவர் காத்திருந்தார். நான் பாயின் கோரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டி மறுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கு வாய் வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ, "கன்னிப் புள்ளைக்கு மௌனந்தான் சம்மதம், ஓதுங்க பாத்திஹா" என்றார். பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக ஓதினார்கள். பையனின் அம்மா என் வாயில் சர்க்கரையைப் போட்டார். நெட்டி முறித்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கம் எங்க கிடைக்கும்? அந்தப் படத்துல வர்ற மருமக மாதிரி..." என்றவர் சட்டென்று நிறுத்தி, திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்படின்னு சொல்லுவாங்கள்ல, நான் எங்க கண்டேன்" என்றார். அந்தப் பார்வையை நான் பார்த்துவிட்டேன். அப்போது எனக்கு அது எதற்கும் உதவவில்லை. சர்க்கரை நாக்கில் கரைந்துகொண்டிருந்தது.

அவர்கள் போனபிறகு அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போனாள். "நல்லவேள, வாயத் தொறக்கல நீ" என்றாள்.

"அம்மா, எனக்குப் படிக்கணும்."

"அத இப்பச் சொல்லு! உங்கத்தா, அப்ப ஏன் சொல்லலன்னு கேட்டா என்ன சொல்லுவ? குரலு தெரிஞ்சிரும்னு இருந்தேன்னு சொல்லுவியா? எங்க கேட்ட குரலுன்னு கேப்பாரு."

"அந்தப் படத்து மருமக மாதிரியே ஆயிருச்சும்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தப் படத்தப் பத்திப் பேசாத. எனக்கு அது பிடிக்கவே இல்ல."

"அப்ப ஏன் அழுத?"

"எல்லாரும் அழுதாங்க, அழுதேன்" என்றாள். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "அவ செத்தது பிடிக்கல" என்றாள். இத்தனை வருடம் அவளோடு படம் பார்த்திருக்கிறேன். ஒரு படத்தைப் பற்றித் தன் அபிப்பிராயம் என்று அம்மா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அத்தாவிடம் சொன்னால் அம்மா போய்விடுவாள். சொல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போய்விடும். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று பேசிவிட்டார்கள், பரீட்சைக்கு ரொம்ப முன்னால். ஸ்டெல்லாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். நெற்றியைச் சுருக்கி, கதையில் எங்கே ஓட்டை என்று பார்க்கிறவள் மாதிரி யோசித்தாள். "ஏய், அந்தம்மா எப்படிடி கொட்டகைக்கு வந்துச்சு? அதுவும் துப்பட்டியப் போத்திக்கிட்டு மணல்லதான உக்காந்திருந்துச்சு?" என்று கேட்டாள். அப்போதுதான் திரைப் பக்கம் போன அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டிலும் ஒரு கோபக்காரர் இருக்கலாம். என் பயத்தில் பாதி அவரிடமும் இருக்கிறது. அதை வைத்து அவரைப் பயமுறுத்த முடியாது, கூடாது. ஆனால் இந்த ஊரில் நான் உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்று தெரிந்தது.

இன்று சாயங்காலம் பையனின் அம்மா வளையல் அளவு எடுக்க வந்தார். அளவுக்குச் சில வளையல்களைத் துணியில் முடிந்து எடுத்து வந்திருந்தார். அத்தா முன்னறையில் கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து விரல்களைக் குவித்து வளையலை ஏற்றப்போனார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி சொன்னேன்.

"மாமி, கொட்டகையில அன்னிக்கு உங்ககிட்ட வாதாடுனது நான்தான்."

வளையல் என் கட்டைவிரல் முட்டியில் நின்றுவிட்டது. அம்மா கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்ப வராது. "அன்னிக்குக் குரலு தெரிஞ்சிரும்னுதான் சும்மா இருந்தேன். சம்மதம்னு இருக்கல. எனக்குப் பரீட்ச எழுதணும். உங்க மகனப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. எங்கத்தாவுக்குக் கொட்டக விசயம் தெரிஞ்சா எங்கம்மாவ அனுப்பிருவாரு. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

அவர் வளையலை மேலே ஏற்றவில்லை. என் கையை விடவும் இல்லை. இப்போது அவர் சும்மா இருந்தார், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமா, பயமா, அவமானமா என்று தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சும்மா இருக்கிறவர்களுக்கு உள்ளே எத்தனையோ ஓடும். வெளியே இருக்கிறவர்கள் அதில் தங்களுக்கு வேண்டிய ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். நான் எதையும் எடுத்துக்கொள்ளாமல் காத்திருந்தேன். முன்னறையிலிருந்து அத்தா, "என்னங்க, அளவு சரியா வந்துச்சா?" என்று கேட்டார்.

அவர் நாக்கைச் சொடுக்கினார். வளையலை மெதுவாகக் கழற்றித் துணியில் போட்டு முடிந்தார். திரையை நோக்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இல்லீங்கண்ணே. இது இன்னும் வளருற கை. இப்ப அளவு எடுத்தா அப்பறம் இறுக்கும். பரீட்ச முடியட்டும், அடுத்த வருசம் நானே வந்து எடுத்துக்கறேன்."

"பேசி முடிச்சாச்சே..." என்று அத்தா இழுத்தார்.

"பேசுனது நான்தான? நானே தள்ளி வைக்கறேன். எங்க வீட்ல நான் சொல்லிக்கறேன்."

எழுந்து துப்பட்டியைப் போர்த்திக்கொள்ளும்போது என் பக்கம் குனிந்தார். "அடுத்த வருசம் கேப்பேன். வாயத் தொறந்து சொல்லு, ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி. அந்தப் படம் நல்ல படந்தான், அதுல நீ சொன்னத நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார். அவர் சிரிக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

இப்போது அடுத்த அறையில் அத்தா கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். "வளருற கைன்னா என்ன அர்த்தம்? எதப் பாத்துட்டு அந்தம்மா பின்வாங்குது?" அம்மா சொல்வது துண்டு துண்டாகக் கேட்கிறது. "பின்வாங்கலயே. தள்ளிதான வச்சாங்க. புள்ளைக்குப் படிப்பும் முடிஞ்சிரும்ல. நீங்களும் அதத்தான சொன்னீங்க அன்னிக்கு." அம்மா இத்தனை வாக்கியங்கள் சேர்ந்தாற்போல அத்தாவிடம் பேசி நான் கேட்டதில்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை. நாளைக்கு அவர் மண்டியில் யாராவது எதையாவது சொல்லலாம். பயம் போகவில்லை, மகனே. போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்தி கொஞ்சம்தான். ஒரு பெண்ணைக் கேட்டால் அவள் சொல்லும்வரை உட்கார்ந்திரு. டீ ஆறினாலும் பரவாயில்லை. கூட வந்தவர்கள் அவசரப்படுத்தினால் அவர்களை முதலில் அனுப்பிவிடு. கல்யாணமான பிறகு அவளைப் படத்துக்குக் கூட்டிப்போ, யாருக்கும் தெரியாமல் இல்லை, வாசல் வழியாகக் கூட்டிப்போ. திரும்பி வரும் வழியில் எப்படி இருந்தது என்று கேள். உனக்கு உயிரான படத்தை அவள் குப்பை என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, ஏன் என்று கேள். படத்தைப் பற்றித் தான் நினைத்ததைச் சொல்லப் பயப்படுகிறவள் வேறு எதைத்தான் உன்னிடம் சொல்லுவாள்?

அடுத்த வருடம் அவர் வருவார். நீ அவருக்குப் பேரனாகப் பிறப்பாயா, வேறு யாருக்காவது பேரனாகப் பிறப்பாயா என்பது அன்றைக்கு நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருக்கிறது. அது என்ன வார்த்தை என்று எனக்கே இன்னும் தெரியாது. அதை இன்னொருவர் எனக்குப் பதிலாகச் சொல்ல மாட்டார் என்பது மட்டும் தெரியும்.

பேச்சு நின்றுவிட்டது. யாரோ எழுந்து வருகிறார்கள். விளக்கை அணைக்கிறேன்.

உன் அம்மா